எனக்கே எனக்கென்று ஒரு மணி நேரம்

மிச்சமிருக்கும் வாழ்நாளை அமைதியாகக் கழிப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிவு செய்தேன். அப்போது நான் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு கால் யாரோ ஒருவருடைய காலின்மேல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய முழங்கை என் விலாவுக்குள் இருந்ததால் கணக்கு சரியாகப் போய்விட்டது.

நான் மின்சார அலுவலகத்தில் கிளார்க். தப்பாகப் போன பில்லைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. என் மேஜைக்கு முன்னால் மங்கலான ஒரு கண்ணாடி ஜன்னல், அதில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. காலையிலிருந்து மாலைவரை அந்த ஓட்டை வழியாக நகரமே வரிசையில் நின்று என்னைத் திட்டும். முகம் தெரியாது. வாய் மட்டும் தெரியும்.

மின்சாரத் துறையில் இத்தனை வருஷம் இருந்தும் நான் ஒரு ஒயரைத் தொட்டதில்லை. வீட்டில் ஃபியூஸ் போனால் என் மனைவிதான் ஸ்டூல் போட்டு ஏறுவாள். நான் கீழே நின்று டார்ச் பிடிப்பேன். டார்ச்சை எங்கே காட்டுகிறீர்கள், மூஞ்சிக்கா ஃபியூஸுக்கா என்று திட்டு வாங்குவேன். அந்த வகையில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிள்ளைகள் இருவரும் படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு திசையில் தப்பித்துவிட்டார்கள். திட்டைப் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை.

ஆனாலும் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உங்களிடம் சொல்வதற்கென்ன. ஆபீசிலிருந்து வீட்டுக்கு வர உண்மையில் ஒரு மணி நேரம்தான் ஆகும். வீட்டில் இரண்டு மணி நேரம் என்று சொல்லி வைத்திருந்தேன். நடுவில் இருந்த ஒரு மணி நேரம் என்னுடையது. வழியில் ஒரு ரயில் நிலையம். அங்கே எந்த ரயிலும் நிற்காத கடைசி பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு. பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்காருவேன். அவ்வளவுதான். பேப்பர் படிக்க மாட்டேன். போனைப் பார்க்க மாட்டேன். தப்புத்தண்டா எதுவும் கிடையாது. என்னை யாரும் ஒன்றும் கேட்காத ஒரு மணி நேரம், அது போதும் எனக்கு.

பிறகு வீட்டுக்கு வந்து, "ஒரே டிராஃபிக்" என்பேன். டிராஃபிக் என்பது நகரத்துக் கணவன்மார்களுக்கு அரசாங்கமே செய்துகொடுத்திருக்கும் வசதி. யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பேராசை வந்தது. ஒரு மணி நேரமே இவ்வளவு சுகமென்றால், நாள் முழுக்க இப்படி இருந்தால் எப்படி இருக்கும்? கிராமத்துக் கிளை அலுவலகத்தில் ஓர் இடம் வெகுநாளாகக் காலியாக இருந்தது. எல்லாரும் போக மாட்டேன் என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். நகரத்தில் கூட்டம் அதிகம், அதனால் நிம்மதி இல்லை. கிராமத்தில் கூட்டம் இல்லை, அதனால் நிம்மதி உண்டு. இப்படித்தான் கணக்குப் போட்டேன். பில் திருத்துகிறவன் போட்ட கணக்கு அது.

மனைவி சம்மதிக்க மாட்டாள் என்று தெரியும். நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் என்ன சொன்னாலும் பதில் சொல்வதற்கு ஒரு வாரம் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன்.

"இங்க பாரு, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்" என்றேன்.

"என்ன, அந்தப் பழைய சட்டையைத் தூக்கிப் போடப் போறீங்களா?"

"கிராமத்துக்கு மாத்தல் கேக்கப் போறேன்."

"சரி."

"நீ என்ன சொன்னாலும் நான் கேக்கறதா இல்ல. என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"அங்க தியேட்டர் கிடையாது."

"இங்க இருக்கு. கடைசியா எப்பக் கூட்டிட்டுப் போனீங்க?"

"கடைகண்ணி கிடையாது."

"செலவு மிச்சம்."

"பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடைக்காது."

"இங்க எதிர்வீட்டுல யார் இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரரை வாசலில் கிடக்கும் செருப்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அந்தச் செருப்பும் போன மாதத்திலிருந்து வேறு அளவில் இருந்தது. ஆள் மாறிவிட்டாரா, கால் வளர்ந்துவிட்டதா என்று சொல்ல முடியவில்லை.

மனைவி வாதம் செய்யாமல் சரி என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும். இது கல்யாணமான எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்திருந்தேன். ஜெயித்தவனுக்குக் கண் தெரியாது.

மாற்றல் கிடைத்துக் கிராமத்தில் வந்து லாரியிலிருந்து இறங்கியபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மனம் குளிர்ந்துபோனேன். தெருவில் ஏன் ஆள் இல்லை என்றால், எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் இருந்தார்கள். ஒவ்வொரு சாமானாக இறங்க இறங்க அவர்கள் விமர்சனம் செய்தார்கள். கட்டில் பழசு என்றார்கள். பாத்திரம் பரவாயில்லை என்றார்கள். என்னையும் கடைசியில் ஒரு பார்வை பார்த்தார்கள், ஆனால் கருத்து எதுவும் சொல்லவில்லை.

"ஏன் சார், தலையெல்லாம் இப்படி நரைச்சிருக்கு?" என்று மாவு மில்காரர் கேட்டார். அவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

"வயசாயிடுச்சுங்க."

"என் வயசுதான் இருக்கும் உங்களுக்கு. எனக்கு நரைக்கலையே. என்ன எண்ணெய் தேய்க்கறீங்க?"

"பசங்க ரெண்டு பேர்தானா?" என்றார் பால்கார அம்மா.

"ரெண்டுதான்."

"ஏன் ரெண்டோட நிறுத்திட்டீங்க?"

நான் திகைத்து நின்றேன். என் மனைவியோ முகம் மலர்ந்துவிட்டாள். எண்ணெய்க்கும் அவளே பதில் சொன்னாள், பிள்ளைகளுக்கும் அவளே பதில் சொன்னாள். மாவு மில்காரருக்கு முட்டி வலி எப்போது ஆரம்பித்தது, பால்கார அம்மாவின் மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்பதையெல்லாம் கட்டில் வீட்டுக்குள் போவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டாள். இத்தனை வருஷமாக நகரத்தில் சேர்த்து வைத்திருந்த பேச்சு அவளுக்குள் அப்படியே இருந்தது.

நகரத்தில் கரண்ட் போனால் ஒரு நம்பருக்குப் போன் செய்வார்கள். அந்த நம்பரை யாரும் எடுக்க மாட்டார்கள். எல்லாருக்கும் அது பழகிவிட்டது. கிராமத்தில் கரண்ட் போனால் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், கரண்ட் போயிடுச்சு" என்றார் மாவு மில்காரர்.

"தெரியும். எங்க வீட்டுலயும்தான் போயிடுச்சு."

"எப்ப வரும்?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் பில் பிரிவு."

"பில்லு போடத் தெரியுது, கரண்ட் விடத் தெரியலையா?"

கண்ணாடியும் ஓட்டையும் இல்லாமல் முழு முகத்தோடு திட்டு வாங்குவது புது அனுபவமாக இருந்தது. அதற்குள் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "லைன்மேன் சாப்பிட்டுட்டு இருக்காருங்க. அவர் வீட்டம்மா இப்பத்தான் சொன்னாங்க. கைகழுவினதும் வந்து பாப்பாரு. உங்க மில்லுல மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்களா? இல்லேன்னா கரண்ட் வரும்போது ஃபியூஸ் போயிடும்." மாவு மில்காரர் பயபக்தியோடு திரும்பி ஓடினார்.

அப்புறம் ஊரில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் ஸ்டூலில் ஏறினாள். டார்ச் பிடிக்க ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருந்தது, என்னைவிட நன்றாகப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் அவளுக்குக் கரண்ட்டம்மா என்று பெயர் வந்துவிட்டது. எனக்கும் ஒரு பெயர் வந்தது. கரண்ட்டம்மா வீட்டுக்காரர்.

அதெல்லாம்கூடப் போகட்டும். என்னுடைய ஒரு மணி நேரம் எங்கே? அதுதான் எனக்கு ஏக்கமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு மைதானம், அவ்வளவுதான். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆபீஸ் வாசல் தெரியும். நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்துவிட்டு அவள் டீ போட ஆரம்பித்தால், வீட்டுக்குள் நுழையும்போது டீ சரியான சூட்டில் இருக்கும். டீயோடு வேலைகளும் தயாராக இருக்கும். தண்ணீர் பிடிக்கணும், துணி மடிக்கணும், பால்கார அம்மா மருமகளுக்குப் போனில் புத்தி சொல்லணும்.

ஒருநாள் மைதானத்தில் மெதுவாக நடந்து பார்த்தேன்.

"ஏன் லேட்டு?" என்றாள்.

"ஒரே டிராஃ..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். வாயில் வந்த வார்த்தையை எப்படி விழுங்குவது? "வழியில ஒரு மாடு. குறுக்க நின்னுது."

"எந்த மாடு?"

"கறுப்பு மாடு."

"அது பால்கார அம்மா மாடு. அது அப்பவே வீட்டுக்குப் போயிடுச்சே. கன்னுக்குட்டி கத்துச்சுன்னு அவங்க வந்து ஓட்டிட்டுப் போனாங்க."

கிராமத்தில் ஒரு மாட்டின்மேல்கூடப் பழி போட முடியாது. அதற்கும் சாட்சி இருக்கிறது. பொய் சொல்லி வாழ நகரம்தான் லாயக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் அறிவு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு திட்டம் தீட்டினேன். "கடைசித் தெருவுல மீட்டர் தகராறு. இனிமே சாயங்காலம் போய்ப் பாத்துட்டுத்தான் வரணும். ஆபீசர் சொல்லிட்டாரு" என்றேன். சரி என்றாள். மறுபடியும் சரி. நான் மறுபடியும் சந்தேகப்படவில்லை.

ஊர் எல்லையில் ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு சின்னப் பாலம், பாலத்துக்கு இடுப்பளவு கட்டைச்சுவர். பாலத்தைத் தாண்டினால் பஸ் நிற்கும் இடம். பஸ் வருவது அபூர்வம் என்பதால் அங்கே ஆள் இருக்காது. கட்டைச்சுவரில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எங்கே வந்தாய் என்று அது என்னைக் கேட்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. முதல் நாள் பிழைத்தேன்.

மறுநாள் சைக்கிள் கடைக்காரர் அந்த வழியாக வந்தார்.

"என்ன சார், தனியா உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான்."

நகரத்தில் சும்மா என்று சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே அப்போதுதான் ஆரம்பம். அவர் இறங்கி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாங்க."

"யாருக்காவது காத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல."

"உடம்புக்கு ஏதாவது?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப வீட்டுலதான் ஏதோ."

அந்த ஊரில் ஒரு ஆள் காரணம் இல்லாமல் தனியாக உட்காருவது என்பதே கிடையாது. ஆடு மேய்த்தால் உட்காரலாம். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் உட்காரலாம். வேலை பார்த்துக் களைத்தால் உட்காரலாம். ஒன்றுமே இல்லாமல் ஒருவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவனுக்கு மனக்கஷ்டம். இது ஊர் கண்ட உண்மை.

மூன்றாம் நாள் மாவு மில்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய முட்டி வலியை முழுசாகச் சொன்னார். "உங்களுக்கு மட்டும்தான் கஷ்டம்னு நினைக்காதீங்க சார்" என்று முடித்தார். எனக்குக் கஷ்டமே இல்லை என்றேன். அவர் கண்கலங்கிவிட்டார். நாலாம் நாள் பால்கார அம்மா சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார். சிரித்துப் பார்த்தேன், நம்புவார்களென்று. "சிரிக்கிறாரு பாரு பாவம், உள்ள எவ்வளவு இருக்கோ" என்றார் அவர், அங்கே அப்போது வந்து சேர்ந்திருந்த இன்னொருவரிடம்.

என்னைத் தனியாக விடக்கூடாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வாய்க்கால் வேறு பக்கத்திலேயே இருக்கிறதல்லவா. அந்த வாய்க்காலில் முழங்காலளவுத் தண்ணீர்தான், குதித்தால் சுளுக்குத்தான் பிடிக்கும். ஆனாலும் அவர்கள் முறைவைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எழுந்து போகும்போது அடுத்தவர் வந்து உட்காருவார். சுவரில் இடம் போதாமல் யாரோ பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். ஆபீசில் ஓட்டை வழியாக ஒவ்வொருவராகத்தான் பேசுவார்கள். இங்கே ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் ஆறுதல் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பினால் போதும் என்று ஆகிவிட்டது.

விடுமுறை நாள் காலையில் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாவு மில்காரர், சைக்கிள் கடைக்காரர், பால்கார அம்மா. கூடவே என்னுடைய ஆபீசர். அவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவர். கடைசித் தெரு பொய்யை நான் அவர் பெயரில்தான் சொல்லியிருந்தேன். 

மாவு மில்காரர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நாங்க யாரும் தப்பா நினைக்கல. புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்."

"என்ன இருக்கும்?" என்றாள் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

"சார் தினமும் சாயங்காலம் வாய்க்கால் பாலத்துல வந்து தனியா உக்காந்துடறாரு."

"அவரு கடைசித் தெருவுல மீட்டர் பாக்கறதா சொன்னாரே."

"கடைசித் தெருவுல என் வீடு மட்டும்தாம்மா இருக்கு" என்றார் பால்கார அம்மா. "என் மீட்டரு நல்லாத்தான் ஓடுது."

நகரத்தில் கடைசித் தெரு என்றால் யாருக்கும் தெரியாத ஒரு தெரு. போய்த் தேடி முடிப்பதற்குள் ஓய்வு வயதே வந்துவிடும். இந்த ஊரில் எது கடைசித் தெரு, அதில் எத்தனை வீடு என்று நான் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா? ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றார். இன்றோடு நம் கதை முடிந்தது என்று நான் தரையைப் பார்த்தேன்.

மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். நல்ல நீளமான பெருமூச்சு.

"அவருக்கு டவுன் ஏக்கம்ங்க" என்றாள். "மனுஷன் வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. எனக்காகத்தான் இங்க வந்தாரு. அங்க அவரு சீட்டு, அந்த ஜன்னல், அந்த ஜனங்க, எல்லாம் ஞாபகம் வருது போல. அதான் பஸ் வர்ற ரோட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு."

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் சேர்ந்து உச்சுக்கொட்டினேன். அவ்வளவு உருக்கமாக இருந்தது.

"இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" என்றார் ஆபீசர். "உங்க பழைய சீட்டுக்கு இன்னும் ஆள் வரலை. அந்த ஜன்னல்ல உக்கார யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நான் ஒரு வார்த்தை பேசினா உடனே முடிஞ்சிடும்."

"நீங்கதான் பாத்துச் செய்யணும்" என்று மனைவி கைகூப்பினாள்.

அவர்கள் போனதும் சமையலறை வாசலில் போய் நின்றேன். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு. ஊருக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.  இனி ஒளிப்பதில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெஞ்சு, பிளாட்பாரம், இல்லாத டிராஃபிக், எல்லாம்.

"தெரியுமே" என்றாள், பாத்திரத்தைக் கவிழ்த்தபடி.

"என்ன தெரியும்?"

"பெஞ்சு. ஒருநாள் உங்க பின்னாலயே வந்தேன். வேற யாராவது இருக்காங்களோன்னுதான். தூணுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ஒருத்தரும் வரல. நீங்களும் அசையல. எனக்குக் கால் வலிச்சதுதான் மிச்சம்."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நீங்க அங்க உக்காந்திருந்தா வீட்டுல எனக்கும் ஒரு மணி நேரம். நீங்க வந்தப்புறம்தானே டீ, டவல், கண்ணாடி எங்கன்னு ஆரம்பிப்பீங்க. அதுவரைக்கும் நான் அடுப்பை அணைச்சிட்டு சும்மா உக்காந்திருப்பேன். இந்த ஊருக்கு வந்து எனக்கும் அது போச்சு. நீங்க செருப்பு மாட்டினா டீ வைக்கணும். சரி, ஊர்ல பேச ஆள் இருக்கேன்னு பொறுத்துக்கிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் இருவரும் ஒரே ஆசையோடு வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது சொன்னதில் இது ஒன்றுதான் பலித்திருக்கிறது. "கவலைப்படாத, நாம டவுனுக்கே போயிடலாம். உனக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். அழகாகத்தான் சிரித்தாள்.

மாற்றல் உத்தரவு வந்த அன்று நானே பெட்டிகளை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"பெட்டி கட்டறேன்."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"மாத்தல் உங்களுக்குத்தானே வந்திருக்கு?" என்றபடி அவளுடைய துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"அப்ப நீ?"

"எனக்கு இங்க என்ன குறை? நான் போயிட்டா இந்த ஊருக்கு ஃபியூஸ் யார் போடறது?"

"நான் அங்க தனியா எங்க தங்கறது?"

"எதுக்குத் தங்கணும்? காலையில ஒரு பஸ் இருக்கு. சாயங்காலம் ஒண்ணு, இருட்டினப்புறம் ஒண்ணு இருக்கு. தினமும் போயிட்டு வாங்க."

"போக ரெண்டு மணி நேரம் ஆகும். வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"நீங்க ஒரு மணி நேரம்தானே கேட்டீங்க. நான் நாலு வாங்கிக் குடுத்திருக்கேன்."

பெட்டியை மூடினேன்.  ஊரே வந்து பஸ் ஏற்றிவிட்டது. என் ஏக்கம் தீர்ந்ததில் மாவு மில்காரருக்கு அப்படி ஒரு திருப்தி.

அந்த நாலு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததில்லை. போகும்போது மூட்டைகள் உட்கார்ந்திருக்கும். வரும்போது மூட்டைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நகரத்தில் இறங்கினால் கண்ணாடி, ஓட்டை, வாய்கள். நான் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவை திட்டின. ஆபீஸ் முடிந்து சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், அது போன புழுதி மட்டும் இருக்கும். இருட்டினப்புறம் வரும் பஸ்தான் கதி.

நடுவில் நேரம் இருக்கிறதே என்று முதல் வாரம் என் பழைய பெஞ்சைத் தேடிப் போனேன். அதில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். என் வயசுதான். மடியில் பை. பேப்பர் இல்லை, போன் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கலவரம். இவன் யார், வீட்டிலிருந்து வேவு பார்க்க அனுப்பிய ஆளோ என்று பயந்தார் போலிருக்கிறது. அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆளைத் தெரியாதவனைப்போலத் திரும்பி வந்து பஸ் நிலையத்தில் நின்றேன். அங்கே எல்லா பெஞ்சிலும் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே நாள் போயிற்று. வீட்டுக்குப் போனால் சாப்பிடவும் படுக்கவும்தான் தெம்பு இருக்கும். அவள் மட்டும் நாளுக்கு நாள் தெளிவாக இருந்தாள். நெற்றியில் இருந்த சுருக்கம்கூடக் காணவில்லை. கேட்டால், "காத்து நல்லா இருக்குல்ல" என்பாள்.

போன வாரம் ஆபீசில் கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டது. மின்சார அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். சாயங்கால பஸ் எனக்குக் கிடைத்தது. அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பூரித்துக்கொண்டே வந்தேன். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றது, நான் பின்வாசல் வழியாக இறங்கினேன்.

பாலத்துக் கட்டைச்சுவரில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையை மடியில் கோத்துக்கொண்டு. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை. எதிரே மாவு மில்காரர் சைக்கிளில் வந்தார். அவளைக் கண்டதும் மணியடிக்காமல் இறங்கி, சத்தம் வராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்து என் பக்கம் வந்தார்.

"ஏங்க, அவகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசாம வர்றீங்க?" என்றேன். "நான் உக்காந்திருந்தா மட்டும் ஊரே கூடிச்சே."

"நீங்க சும்மா உக்காந்தீங்க" என்றார் அவர் மெதுவாக. "அம்மா உங்களுக்காகக் காத்திருக்காங்க. சாயங்கால பஸ்ஸுல வருவீங்களோன்னு தினமும் வந்துடறாங்க. நீங்க வராட்டியும் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டுத்தான் போவாங்க. அந்த மாதிரி நேரத்துல நாம போய்ப் பேச்சுக் குடுக்கலாமா? ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அந்த நேரத்துல யாரும் பக்கத்துல போய்ப் பேசக்கூடாதுன்னு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் நின்றுகொண்டு வந்த கால்வலி பறந்துபோயிற்று. எனக்காக ஒருத்தி, தினமும், இந்தச் சுவரில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு. என்னை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள் என்று நான்தான் கண்டபடி நினைத்துவிட்டேன். வேகமாக நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"நான் வந்துட்டேன்" என்றேன். 

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வானத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அடுத்த பஸ்ல வந்திருக்கக் கூடாதா?" என்றாள்.